சுவான்சௌவில் ஒரு யானையும் நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரமும்

2018 சித்திரையில் நானும் என் மனைவியும் சீனா போய் வந்தோம். மகனுக்கு அப்போது சியாமென் நகரில் வேலை. "அங்கே போய் நான் என்னத்தைச் சாப்பிடுறது?" என்று இரண்டு வருடம் தட்டிக்கழித்தவள், பேத்தியைப் பார்க்கும் ஆசையில் கடைசியில் சம்மதித்தாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஐந்து கிலோ அரிசி எல்லாம் மூட்டை கட்டினாள். அரிசி எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மகன் குடியிருந்தது ஒரு பாட்டியின் வீட்டு மாடியில். எண்பது வயதிருக்கும். காலையில் எழுந்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பாலில்லாத தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு என் மனைவியைக் கைதட்டிக் கூப்பிடுவார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவங்க மருமகளைப் பத்தித்தான்" என்பாள் இவள்.

அந்தப் பாட்டிக்குச் சொந்த ஊர் சுவான்சௌ. சியாமெனிலிருந்து வேக ரயிலில் அரை மணி நேரம்தான். எனக்கோ அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் சைத்தூன் என்று எழுதிவைத்த துறைமுகம் அதுதான். 1956-இல் அங்கே ஒரு கல் கிடைத்தது. அதில் தமிழ் எழுத்து, கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் பர்மான்படி, அந்தக் கானின் நலனுக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அப்போது ஆண்டவர் குப்லாய் கான். இங்கே பாண்டிய நாட்டில் மாறவர்மன் குலசேகரன். மங்கோலிய அரசன் நலமாக இருக்க ஒரு தமிழ் வணிகர் சீனத்தில் சிவன் கோயில் கட்டியிருக்கிறார். பர்மான் என்ற பாரசீகச் சொல்லையும் தமிழில் வெட்டியிருக்கிறார். வியாபாரிக்கு எந்த ஊரிலும் அரசாங்கத்தின் தயவு வேண்டுமே!

பாட்டியும் எங்களோடு கிளம்பிவிட்டார். முதலில் கையுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. இரண்டு பெரிய கற்கோபுரங்கள் நிற்கின்றன. நான் குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிரதான மண்டபத்தின் பின்பக்கம் போன என் மனைவி, "என்னங்க, இங்க வாங்க, கஜேந்திர மோட்சம்!" என்று கத்தினாள். பதினாறு பட்டைத் தூண் ஒன்றில் முதலையிடம் சிக்கிய யானையும், அதைக் காக்க வந்த பெருமாளும். உரலோடு மரங்களுக்கிடையே தவழும் கண்ணனும் உண்டு, நரசிம்மரும் உண்டு. எல்லாம் நம்மூர்ச் சிற்பமுறை. அழிந்துபோன கோயிலின் தூண்களை மிங் ஆட்சியில் கொண்டுவந்து இங்கே நட்டிருக்கிறார்கள். என் நோட்டுக்கு அதற்குப் பிறகு மரியாதை போய்விட்டது. கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை வணங்கும் யானையைக் கண்டதும் "திருவானைக்கா" என்று அவளே பேத்திக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அந்தச் சிவன் கோயில் என்னவாயிற்று? 1357 முதல் சுமார் பத்தாண்டுகள் சுவான்சௌவில் பெரிய கலகம். அதன் முடிவில் அயல்நாட்டு வணிகர்கள் கொல்லப்பட்டார்கள், சிதறிப்போனார்கள். கோயில் கற்கள் மதில் கட்டவும் வீடு கட்டவும் போயின. ஊருக்கு வெளியே சேதியென் என்ற கிராமத்தில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. நான்கு கை, காலடியில் ஓர் அரக்கன், இருபுறமும் தோழியர். நம் கண்ணுக்கு அம்மன்தான். ஊராருக்கு அவள் குவான்யின். பாட்டி ஊதுபத்தி வாங்கி என் மனைவியின் கையில் பாதியைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து கும்பிட்டார்கள். என் மனைவி முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி அரிசியை அம்மன் முன் வைத்தாள். அரிசி எதற்கு என்று அப்போது புரிந்தது.

நான் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்கு முன் ஆறு வருடம் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே கடலோரம் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். நாகப்பட்டினத்தில் 1267-இல் முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றைச் சீனப் பயணி வாங் தாயுவான் குறித்து வைத்திருக்கிறார். அது இதுவே என்பவர்கள் பலர். 1867-இல் வெள்ளைக்கார அரசின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். ஆறு வருடம் அந்த ஊரில் இருந்தும், அது நின்ற இடம் எது என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. சீனத்துப் பாட்டி ஒருவர் நம் அம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றும்போதுதான் அது உறைத்தது.

கிளம்பும் நாளில் பாட்டி இரண்டு தேநீர்க் கிண்ணங்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒன்று விமானத்தில் உடைந்துவிட்டது. மற்றதில் என் மனைவி திருநீறு வைத்திருக்கிறாள்.