முத்துலட்சுமி ரெட்டி: பொட்டுக்கட்டும் இனாம் நிலமும்

எங்க ராஜபாளையத்துல அரசியல் வரலாறு பேசினா முதல்ல வர்ற பேர் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே அதே மாகாணத்தின் சட்டசபையில ஒரு பெண் பெரிய சட்டப் போராட்டம் நடத்தியிருக்காங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். மகள் 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1927-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் அவர். அந்தச் சபையே அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தணும்னு அதே 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். ஆனா அந்த வழக்கம் வெறும் நம்பிக்கையில மட்டும் நிக்கல. கோயில் ஊழியத்துக்காகக் குடும்பத்துக்கு இனாம் நிலம் இருக்கும். அடுத்த தலைமுறையில ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டினாதான் நிலம் கையில நிக்கும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, இதுதான் டிபென்டென்சி. இதை எடுக்காம மேல என்ன மாத்தினாலும் ஓடாது.

முத்துலட்சுமி அங்கதான் கை வச்சார். அறநிலையச் சட்டத்துக்கு அவர் முன்வைத்த திருத்தம் 1929-ல் நிறைவேறியது. ஊழியக் கடமை நீங்கியது. பொட்டுக்கட்டாமலே நிலத்தை வச்சுக்கலாம்னு ஆனது. அடுத்து 1930-ல், பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா. அந்த வருஷமே காந்தி கைதானதும் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் போனது. சட்டமானது 1947-ல்தான்.

எதிர்ப்பு ரெண்டு பக்கத்திலிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, இது மதத்தில் தலையிடுவதுன்னு வாதாடினார். தேவதாசிப் பெண்களும் அரசுக்கு மனு போட்டாங்க. ஆடலும் பாடலும் எங்க கலை, எங்க பிழைப்பு, எங்களைக் கேட்காம முடிவெடுக்காதீங்கன்னு. இந்த ரெண்டாவது குரலை நாம லேசா தள்ளிவிடக் கூடாது. சொத்துரிமை பெண் வழியில் போன அரிதான குடும்பங்கள் அவை. சட்டம் வந்த பிறகு நிறையப் பேருக்கு மேடையும் போச்சு, வருமானமும் போச்சு. இன்னொரு பக்கம், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி, அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே வெளியே வந்து சட்டம் வேணும்னு ஊர் ஊரா பேசினவங்களும் இருந்தாங்க.

பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் கல்யாணம் நடக்கும். நாங்க எல்லாரும் போவோம். பொட்டுக்கட்டுவதையும் சாமியோட கல்யாணம்னுதான் சொன்னாங்க. ஆனா ஆண்டாள் கதையில, மனுஷனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன், அரங்கன்தான் வேணும்னு சொல்றது அந்தப் பொண்ணேதான். பெரியாழ்வார் மகளோட ஆசைக்குத்தான் சம்மதிக்கிறார். பொட்டுக்கட்டின சிறுமிகிட்ட யாரும் விருப்பம் கேட்கல. முத்துலட்சுமி கேட்டது சாமியை எதிர்த்து இல்ல; அந்தக் குழந்தைக்குப் பேச ஒரு வயசு வரட்டும்னுதான்.

சட்டத்தோட அவர் நிக்கவும் இல்ல. அப்படிப்பட்ட சிறுமிகள் தங்கிப் படிக்க அவ்வை இல்லம் தொடங்கினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. எங்க மாவட்டத்திலிருந்தும் ராத்திரி பஸ் ஏறி அங்கே போறவங்க இருக்காங்க. அதை ஆரம்பிச்சவர் பேரை அவங்க வீட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.