கள்ளுக்கடை இருந்த இடம்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபோர்டன் என்றொரு கிராமம். அங்குள்ள ஃப்ளீஸ் இன் ஒரு காலத்தில் பண்ணைவீடு, 1848இல் மதுக்கூடமானது. தலைமுறைகளாக அதை வைத்திருந்த குடும்பத்தின் லோலா டாப்ளின், 1977இல் இறந்தபோது அதை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். 2004இல் கூரை தீப்பிடித்தது. விட்டுவிடவில்லை, பழையபடியே சீரமைத்தார்கள். புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்காமலிருக்கக் கணப்படுப்பின் முன் போட்ட வெள்ளை வட்டங்களைக்கூடக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது, போர்ட்டிக்சன் பக்கம் என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்துக் கள்ளுக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. தகரக் கூரை, கம்பி அடித்த சன்னல், வெளியே ஒரு நீளப் பலகை. இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பாட்டியிடம் சொன்னேன்.

"போனா போவுது சனியன்! சம்பளத்தன்னிக்கி ஒங்க தாத்தா லயத்துக்கு வர்றதுக்குள்ள பாதிக் காசு அங்க போயிரும். குடுக்கறதும் தொர, புடுங்கறதும் தொர."

பாட்டி சொன்னதுதான் வரலாறும். மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. அதனால்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சம்பள உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். 1947இல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் திரண்டது. போலீசோடு நடந்த மோதலில் அங்கேயும் உயிர் போனது.

ஆனால் தாத்தாவுக்கு அது வேறு இடம். விடியலில் பெரட்டு, பிறகு தண்டலின் அதட்டல். அதற்கப்புறம் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்து பேச அந்தப் பலகை மட்டும்தான் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தோட்டத்து வாழ்க்கை பாதிதான் தெரியும்.

மலேசியாவில் 2005லிருந்து தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பாட்டியின் தோட்டத்தில் அது காப்பாற்றக் கட்டடம்தான் இல்லை. ஃப்ளீஸ் இன்னைப் பாசத்தோடு காக்கலாம். கள்ளுக்கடை நின்றிருந்தால் அதைச் சாட்சியாகத்தான் காத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி இருந்தால் கேளுங்கள்: கடை எங்கே இருந்தது, சம்பள நாளில் அதன் வாசலில் யார் காத்து நின்றார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள்.