சைலண்ட் வேலி இயக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1970களில் எழுந்த மக்கள் இயக்கம். மாநில மின்வாரியத்தின் இத்திட்டத்துக்கு மத்தியத் திட்டக் குழு 1973இல் ஒப்புதல் தந்தது. சைரந்திரியில் அணை எழுந்திருந்தால், ஆற்றை ஒட்டிய சைலண்ட் வேலி மழைக்காட்டின் நடுப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். அங்கு வாழும் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) பெரும்பாலும் மர உச்சியிலேயே காலம் கழிப்பது. முள் அடர்ந்த வெடிப்பலாக் காய்களைக் கிழித்து உள்ளே இருப்பதைத் தின்னும். கிளைகள் ஒன்றையொன்று தொடும் தொடர்ச்சியான காடு இல்லாமல் அது பிழைப்பது கடினம்.

மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், திட்டத்தின் பொருளாதாரக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கி, ஊர் ஊராக விளக்கக் கூட்டங்கள் நடத்தியது. இயக்கத்தின் உண்மையான பலம் இந்தப் பொறுமையான உழைப்பே. கவிஞர் சுகதகுமாரி முன்னணியில் நின்றார். பறவையியலாளர் சாலிம் அலியும் குரல் கொடுத்தார். மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டி அணையை ஆதரித்தோரும் கேரளத்தில் கணிசமாக இருந்தனர். அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப்பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி அதை முறைப்படி தொடங்கிவைத்தார்.