ஓநாய்த் தோலுக்குள் ஒரு மனிதன்

புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய அக்டோபர் 31ஆம் நாள் இரவை மேலைநாட்டார் ஹாலோவீன் என்பர். புனிதர்தம் விழாவின் முன்னிரவு என்பதே அப்பெயரின் பொருள். ஆயினும் இன்று அவ்விரவில் பேய் வேடங்களும் திகில் படங்களுமே அரசோச்சுகின்றன. அவற்றுள் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும் ஒன்று, ஜான் லாண்டிஸ் 1981இல் இயக்கிய 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்'. சிரிக்கவும் நடுங்கவும் வைக்கும் இப்படம், ஐரோப்பிய வரலாற்றில் பன்னூறு ஆண்டுகளாகத் தொடரும் ஒரு வினாவை எழுப்புகிறது: விலங்காகிவிட்டான் என்று அஞ்சப்படுகிறவனுக்குள் மனிதன் எஞ்சியிருக்கிறானா?

கதை எளியது. டேவிட், ஜாக் என்னும் அமெரிக்க இளைஞர் இருவர் வட இங்கிலாந்தின் மேய்ச்சல் வெளிகளில் நடந்து செல்கின்றனர். குளிருக்கு ஒதுங்கிய சிற்றூர் மதுவிடுதியில், சுவரிலுள்ள விண்மீன் குறியைப் பற்றிக் கேட்டதும் பேச்சடங்குகிறது. உண்மை அறிந்த ஊரார் அதனை மறைத்து, இருவரையும் இருளுக்குள் செல்லவிடுகின்றனர். ஜாக் மாள்கிறான்; கடிபட்ட டேவிட், முழுநிலா நாளில் ஓநாயாகிறான்.

அம்மாற்றத்தைக் கணினியின் துணையின்றி, வெளிச்சம் நிறைந்த அறையில் காட்டியவர் ரிக் பேக்கர். ஒப்பனைக்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஆஸ்கர் விருதை 1982இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. எலும்புகள் நீண்டு உடல் முறுகும் அவ்வேளையில், டேவிட் இறந்த நண்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான். நகைச்சுவைக்காக வைத்த வரிதான். எனினும் உள்ளிருக்கும் மனிதன் இன்னும் பேசுகிறான்.

இவ்வினா பழையது. மனித உள்ளமோ உடலோ மெய்யாகவே விலங்காக மாறிவிடாது, அது வெறும் தோற்றமே என்று 'இறைவனின் நகர்' நூலில் புனித அகுஸ்தினார் வாதிட்டார். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, அயர்லாந்தைப் பற்றிய தம் நூலில் ஒரு செய்தியைப் பதிந்தார். காட்டு வழியே சென்ற குருவானவரை ஓர் ஓநாய் மனித மொழியில் அழைத்து, சாகும் தறுவாயிலிருந்த தன் துணைக்கு நற்கருணை வேண்டியதாம். குரு தயங்கவே, அது துணையின் தோலை உரித்துக் காட்டிற்று. உள்ளே ஒரு மூதாட்டி! குரு நற்கருணை வழங்கினார். அவரை உந்தியது அச்சமே என்றும் ஜெரால்டு மறைக்காமல் எழுதுகிறார்.

பின்வந்த நூற்றாண்டுகள் தோலை விலக்கிப் பார்க்கும் பொறுமையைப் பெரும்பாலும் இழந்தன. 1589இல் கொலோன் நகரருகே பெட்பர்க் என்னும் ஊரில், ஓநாய் மனிதன் எனக் குற்றம் சாட்டப்பட்ட பேட்டர் ஸ்டும்ப், சித்திரவதைக் கருவியின்முன் ஒப்புதல் அளித்து, கொடூரமாகக் கொல்லப்பட்டான். அவனுடைய மகளும் தீக்கிரையானாள். ஆனால் 1603இல் பிரான்சின் போர்தோ நீதிமன்றம் வேறு வழி கண்டது. தானே ஓநாய் என்று கூறிய ழான் கிரெனியே என்னும் சிறுவனின் வயதையும் மனநிலையையும் எண்ணிப் பார்த்த நடுவர்கள், அவனைக் கொல்லாமல் ஆயுள் முழுவதும் ஒரு துறவு மடத்தில் வைக்கத் தீர்ப்பளித்தனர். அது விடுதலையன்று, எனினும் மனிதனுக்கு வழங்கிய தீர்ப்பு.

படத்தின் முடிவில் இலண்டன் சந்து ஒன்றில் காவலர்கள் ஓநாயை வளைத்து நிற்கின்றனர். அவனை நேசித்த செவிலி அலெக்ஸ் மட்டுமே நெருங்கிச் சென்று பேசுகிறாள். ஒரு கணம் அந்தக் கண்கள் தணிவதுபோல் தோன்றுகின்றன. பின்னர் பாய்ச்சல், துப்பாக்கி வெடிகள். தரையில் கிடப்பதோ ஆடையற்ற ஓர் இளைஞனின் உடல்!

அவன் கைகளால் பல உயிர்கள் மாண்டது மெய்; அதனை அலெக்ஸின் அன்பு அழித்துவிடாது. ஆயினும் அவர்களின் சாவில், அன்று வாய்திறவாத மதுவிடுதிக்குப் பங்கில்லையா? ஒருவனை விலங்கென்று அழைத்துவிட்டால் அவனைக் கொல்வது எளிது. அவனை உருவாக்கிய நம் மௌனத்தை மறப்பது அதனினும் எளிது. நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் அனைவரையும் நினைக்கையில், அஞ்சி ஒதுக்கப்பட்டோரின் பெயர்களையும் சேர்த்தே நினைப்போம்.