கரைக்கும் நொதியும் கடக்கும் நேரமும்

மாரடைப்புச் சிகிச்சையின் வரலாறு என்றால் அறுவை அரங்கும் ஸ்டென்ட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வரலாற்றில் நொதிகளுக்கும் சரிபாதி இடம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் போன்ற கிராமப்புறத்துக்கு அந்தப் பாதிதான் முக்கியமானது. நொதிகள் மருத்துவத்துக்குள் முதலில் வந்தது சாட்சிகளாக. இதயத் தசை சாகும்போது அதன் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நொதிகள் இரத்தத்தில் கலக்கின்றன. 1954இல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி உயர்வதைக் காட்டினார்கள். நெஞ்சுவலி இதயத்தால் வந்ததா என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லத் தொடங்கியது. பிறகு சி.கே.-எம்.பி. என்ற நொதி அந்த வேலையை ஏற்றது. இன்று ட்ரோபோனின் என்ற புரதம் அதைச் செய்கிறது. ஆனால் சாட்சி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. நொதி உயரும் நேரத்தில் தசை ஏற்கெனவே இறந்திருக்கும். எஞ்சியதைக் காப்பாற்ற, இதய நாளத்தை அடைத்த இரத்த உறைவைக் கரைக்கும் வேறொரு நொதி தேவைப்பட்டது.

அது நம் இரத்தத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி, பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற வடிவில் எல்லோர் உடலிலும் ஓடுகிறது. 1933இல் பால்டிமோரில் டில்லெட்டும் கார்னரும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சுரக்கும் ஒரு பொருள் இரத்த உறைவைக் கரைப்பதைக் கண்டார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் பெற்ற அது தானே நொதியாக வேலை செய்வதில்லை. பிளாஸ்மினோஜனைத் தூண்டி பிளாஸ்மினாக்குகிறது. 1958இல் ஷெர்ரியும் அவர் குழுவினரும் அதை மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் அதன் பயன் ஐயமின்றி நிறுவப்பட 1986 ஆனது. அந்த ஆண்டு வெளியான இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வில் 11,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரத்துக்குப் பின் வந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 1988இல் 17,187 பேரைக் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வு, ஆஸ்பிரினும் சேரும்போது இறப்பு 13.2 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக இறங்குவதைக் காட்டியது. கிஸ்ஸி ஆய்வில் மருந்து ஒன்றே, நோயும் ஒன்றே. பலனை மாற்றியது கடந்துபோன நேரம்.

அடைப்பு கரைந்த பிறகும் நொதிகளின் வேலை முடிவதில்லை. இறந்த தசை மீண்டும் வளராது; அந்த இடத்தில் தழும்பு உருவாக வேண்டும். பாழடைந்த சுவரை இடித்து அகற்றாமல் புதுச் சுவர் எழுப்ப முடியாதது போல, வெள்ளணுக்கள் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதிகளைச் சுரந்து பழைய கொலாஜன் இழைகளை வெட்டுகின்றன. பிறகு புதிய கொலாஜன் படிய, லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி அதன் இழைகளைப் பிணைத்து உறுதியாக்குகிறது. வெட்டுவது மிஞ்சினால் இதயச் சுவர் மெலிந்து விரியும். சில வேளை கிழியும். அப்படியானால் வெட்டும் நொதிகளை முடக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பானது. பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட எலி ஆய்வு அதற்கு விடை தந்தது. பிளாஸ்மினை எழுப்பும் யூரோகைனேஸ் இல்லாத எலிகளுக்கு இதயம் கிழியவில்லை. ஆனால் தழும்பும் சரியாக உருவாகாமல், அவை இதயச் செயலிழப்பால் மடிந்தன. மெட்டலோபுரோட்டினேஸை அடக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதித்த பிரீமியர் ஆய்வும் 2006இல் பயனின்றி முடிந்தது. ஆனால் எல்லா நொதிகளுக்கும் இது பொருந்தாது. இரத்த நாளங்களைச் சுருக்கும் ஏ.சி.இ. நொதியைக் கேப்டோபிரில் மாத்திரையால் தொடர்ந்து அடக்கியபோது, இதயம் விரிவது மட்டுப்பட்டு இறப்பு 19 விழுக்காடு குறைந்ததை 1992இல் சேவ் ஆய்வு நிறுவியது. ஆக, எந்த நொதியை எப்போது எழுப்புவது, எதை எவ்வளவு காலம் அடக்குவது என்ற கால அறிவுதான் இந்த மருத்துவத்தின் சாரம்.

காலம் பற்றிய அந்த அறிவு ஊருக்குள் வந்து சேர்ந்த கதை தமிழ்நாட்டினுடையது. வெளிநாட்டு ஸ்ட்ரெப்டோகைனேஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்தது. சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரிஷ் சாஹ்னியின் குழு அதை உள்நாட்டிலேயே உருவாக்கும் வழிகளைக் கண்டது. மரபணு மாற்ற முறையில் செய்யும் நுட்பம் சென்னையின் சாசன் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. வானூர் மக்களுக்குப் புதுச்சேரி எல்லையில் ஜிப்மரும், மறுபுறம் திண்டிவனம் அரசு மருத்துவமனையும் ஏற்கெனவே இருந்தன. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டின் நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் 2,420 பேரிடம் நடந்த ஸ்டெமி ஆய்வு, சிறு மருத்துவமனையில் உறைவைக் கரைத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறையை ஒழுங்குபடுத்தியது. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாக இறங்கியது. 2023இல் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் வேளையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தது.

அடைப்பைக் குழாய் செலுத்தித் திறக்கும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி, உறைவைக் கரைக்கும் மருந்தைவிட மேலானது, பழைய மருந்தை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய முடிந்தால் அது மேலானதுதான். முடியாத ஊரில் அதற்காகக் காத்திருப்பது தசையை இழப்பதாகும். கரைக்கும் மருந்தால் மூளையில் இரத்தக் கசிவு வரும் ஆபத்தும் உண்மை. அதனால்தான் ஈ.சி.ஜி.யைச் சரியாகப் படிப்பதும், பக்கவாதம் வந்தவரா, அண்மையில் அறுவை செய்துகொண்டவரா என்று விசாரிப்பதும், ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறை அதையே தராதிருப்பதும் கட்டாயம். ஆபத்து இருப்பது பயிற்சியை வலுப்படுத்தக் காரணமாகலாம். மருந்தை நகரத்திலேயே நிறுத்திவைக்கக் காரணமாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் இயங்கும் ஈ.சி.ஜி. கருவி, அதைத் தொலைவிலிருந்து உடனே படிக்கும் மருத்துவர், வீடு திரும்பியவருக்கு ஏ.சி.இ. அடக்கி மாத்திரை மாதந்தோறும் தடையின்றிக் கிடைப்பது ஆகிய மூன்றும் இருந்தால், கடந்த தொண்ணூறு ஆண்டு நொதி ஆய்வின் பயன் முழுவதும் வானூரின் எந்தக் கிராமத்துக்கும் சேரும். அவற்றை உறுதிசெய்வது அரசின் கடமை. நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று தள்ளிப்போடாமல் முதல் மணியிலேயே 108ஐ அழைப்பது குடும்பத்தின் கடமை.