திண்ணையா, கூடமா?

2025 மார்ச். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை ஒரு கறுப்புப் பூனை வாங்கிக்கொண்டு போனது. படத்தின் பெயர் 'ஃப்ளோ'. லாட்வியா என்கிற குட்டி தேசத்துக்காரரான கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்தது. வசனமே கிடையாது. எதிரே போட்டிக்கு நின்றவர்கள் பிக்ஸார், ட்ரீம்வொர்க்ஸ் மாதிரி பகாசுரக் கம்பெனிகள். இந்தப் பூனையை உருவாக்கிய சாஃப்ட்வேர் என்ன விலை தெரியுமா? சல்லிக்காசு கிடையாது.

பெயர் ப்ளெண்டர். மிக்ஸி இல்லை. முப்பரிமாண உருவங்களை வடிவமைத்து, ஆடவைத்து, வெளிச்சம் போட்டுப் படமாக்கித் தருகிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யாரும் இறக்கிக்கொள்ளலாம். பிரித்து மேயலாம். மாற்றி எழுதலாம்.

காசு பணம் இல்லாத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும் என்கிறீர்களா? வரும். வந்தது. இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. யாரோ ஒரு புது வசதியை எழுதிக்கொண்டு வருகிறார். அதை வீட்டுக்குள் அழைத்துக் கூடத்தில் உட்காரவைப்பதா, திண்ணையோடு நிறுத்திவிடுவதா? கூடம் என்றால் 'கோர்'. மென்பொருளின் மூல நிரலோடு இரண்டறக் கலந்துவிடும். திண்ணை என்றால் 'ஆட்-ஆன்'. வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம். கேட்க எளிதாக இருக்கிறதில்லையா? வரலாற்றைப் பாருங்கள்.

நெதர்லாந்தில் நியோஜியோ என்று ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ. அதை நடத்தியவர்களில் ஒருவரான டான் ரோசெண்டால் 1994ல் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எழுத ஆரம்பித்ததுதான் ப்ளெண்டர். 1998ல் அதற்கென்றே 'நாட் எ நம்பர்' என்று தனிக் கம்பெனி. வியாபாரம் எடுபடவில்லை. 2002 தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலைத் தருகிறோம் என்றார்கள். டான் உலகத்தைப் பார்த்துக் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13 அன்று ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் ப்ளெண்டர் பொதுச் சொத்து மாதிரி ஆனது.

நிரலோடு கூடவே பழைய முதலாளி காலத்துச் சீதனம் ஒன்றும் வந்து சேர்ந்தது. கேம் என்ஜின். ப்ளெண்டருக்குள்ளேயே விளையாட்டுகளை உருவாக்கி அங்கேயே ஓட்டிப் பார்க்கிற வசதி. 2000ல் கூடத்துக்குள் வந்தது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கும் கொள்ளை ஆனந்தம். 2008ல் ப்ளெண்டர்காரர்களே அதில் 'யோ ஃப்ராங்கி' என்று ஒரு விளையாட்டு செய்து காட்டினார்கள்.

ஆனால் பராமரிக்க ஆள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் படித்தது பி.காம். ஐந்தொகையில் கட்டடத்தைச் சொத்து என்று ஒரு பக்கம் எழுதினால், அதன் தேய்மானத்தையும் ஒழுகுகிற கூரையையும் எங்காவது எழுதித்தான் தீரவேண்டும். மென்பொருளில் ஒரு வசதியை உள்ளே சேர்க்கிற அன்று எல்லோரும் சொத்துக் கணக்கை மட்டும் எழுதிக் கை தட்டுகிறார்கள். அடுத்த பத்து வருடம் ஒவ்வொரு பதிப்புக்கும் அதைச் சோதித்து, பிழை திருத்தி, மற்ற பாகங்களோடு ஒத்துப்போகச் செய்யவேண்டுமே, அந்தக் கணக்கு?

2.8 பதிப்புக்காகத் திரையில் படம் காட்டுகிற பகுதியையே இடித்துக் கட்டியபோது வினை வந்தது. கேம் என்ஜின் நின்றுகொண்டிருந்ததே அந்தப் பழைய அஸ்திவாரத்தின்மீதுதான். மாற்றி எழுத ஆளில்லை. 2018ல் தூக்கிவிட்டார்கள். 2019 ஜூலையில் 2.80 வெளியானபோது அது இல்லை. வருடக்கணக்காக அதில் விளையாட்டு எழுதியவர்கள் பழைய 2.79ஐயே கட்டிக்கொண்டு அழவேண்டியதாயிற்று. அல்லது, முன்பே தனிக்குடித்தனம் போயிருந்த யு.பி.பி.ஜி.இ. என்கிற கிளையில் தஞ்சம் புகவேண்டும். திண்ணையில் இருந்தவனைப் போகச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டு போவான். கூடத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவனை அனுப்பினால் குடும்பமே ரெண்டுபடும்.

அப்படியானால் எல்லாரும் திண்ணையிலேயே இருந்துவிட்டால் என்ன? அங்கே வேறு கஷ்டம். வீட்டுக்காரன் வாசலை மாற்றிக் கட்டினால் திண்ணைக்காரன் பாடு திண்டாட்டம். 2009ல் 2.5 வந்தபோது இடைமுகத்தையே பைத்தான் மொழியில் எழுதினார்கள். நல்ல காரியம். வெளியாள் எழுதுகிற ஆட்-ஆனும் வீட்டுப் பிள்ளை மாதிரியே திரையில் தெரியும். ஆனால் அதுவரை எழுதப்பட்ட பழைய ஸ்க்ரிப்டுகள்? அவ்வளவும் படுத்துவிட்டன. எழுதியவர்கள் பலபேர் திரும்பிப் பார்க்கவே இல்லை. 2.80லும் இதே கதை.

வேகமும் ஒரு பிரச்னை. ஓ.பி.ஜே. கோப்புகளைப் படிக்கிற, எழுதுகிற வேலையை ரொம்ப காலம் ஒரு பைத்தான் ஆட்-ஆன்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய கோப்பைக் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம். 2022ல் அதை சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் புதிதாக எழுதி உள்ளே கொண்டுவந்தார்கள். பறந்தது.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் ரொம்பப் பிடித்தது ஜாக் லூக்கேயின் கதை. ஜெர்மனிக்காரர். 'அனிமேஷன் நோட்ஸ்' என்று ஓர் ஆட்-ஆன் எழுதினார். சின்னச் சின்னப் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தே உருவங்களை ஆட்டிவைக்கலாம். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அவரே ப்ளெண்டர் குழுவில் சேர்ந்தார். 2021ல் வந்த 'ஜியாமெட்ரி நோட்ஸ்' வசதியை உருவாக்கிய முக்கியஸ்தர்களில் அவர் ஒருவர். கவனிக்க. அவருடைய ஆட்-ஆன் அப்படியே உள்ளே போகவில்லை. திண்ணையில் ஒத்திகை பார்த்த யோசனை, கூடத்துக்கு ஏற்றபடி அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. கூடவே அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வந்து சேர்ந்தார். யார் நாளைக்குச் சோறு போடுவது என்கிற கேள்விக்கு முதலிலேயே பதில் இருந்தது. என் கட்சி இதுதான்.

2024 ஜூலையில் 4.2 வந்தபோது பெரிய ஒழிப்பு வேலை. அதுவரை டவுன்லோடு செய்த பொட்டலத்தோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த ஏராளமான ஆட்-ஆன்களை எடுத்து, எக்ஸ்டென்ஷன்ஸ் என்கிற தனித் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரிகிஃபை, நோட் ரேங்ளர் மாதிரி சில செல்லப்பிள்ளைகள் மட்டும் பொட்டலத்தில் தங்கின. ஒவ்வொன்றையும் அதை எழுதியவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. கணக்கு சரி. இன்டர்நெட் இணைப்பே தராத ஒரு கல்லூரி லேபில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நேற்றுவரை ஒரு டிக் அடித்தால் போதும். இன்றைக்கு அனுமதி கொடு, தேடு, இறக்கு.

இதில் ஒரு வேடிக்கை. படத்தைத் தீட்டித் தருகிற 'சைக்கிள்ஸ்' இருக்கிறதே, ப்ளெண்டரின் நெஞ்சுக்கூடு மாதிரி. 2011ல் வந்தது. ஆட்-ஆன் பட்டியலைத் திறந்தால் அதன் பெயரும் ஒரு டிக் குறியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. 2025 ஜூலையில் எஃப்.பி.எக்ஸ். கோப்புகளைப் படிக்கிற நிரலை சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதி உள்ளே சேர்த்தார்கள். அதே நவம்பரில், வருடக்கணக்காகக் கூடத்தில் இருந்த கொலாடா, கவனிப்பாரில்லாமல் வெளியே போனது.