கைக்கருவி எஞ்சின்

செயின்சா, புல்வெட்டி போன்ற கையில் ஏந்தி இயக்கும் கருவிகளில் உள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின், வால்வுகளும் தனி எண்ணெய்த் தொட்டியும் இல்லாமல், சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் தருவதால், எடை குறைந்தும் திறன் மிகுந்தும் விளங்குகிறது. உயவெண்ணெய் பெட்ரோலிலேயே, பெரும்பாலும் 50:1 விகிதத்தில், கலக்கப்படுகிறது. மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு எரிபொருளை அளந்துவிடும் கார்புரேட்டர், கருவியை எப்பக்கம் சாய்த்தாலும் எஞ்சினை நிற்காமல் ஓடச் செய்கிறது. இதன் அமைப்பில் மிகவும் போற்றத்தக்க நுட்பம் இதுவே. ஆயினும், உள்ளே நுழையும் புதிய கலவையே எரிந்த புகையை வெளியே தள்ளுவதால், எரிபொருளில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை எரியாமலே வெளியேறிக் காற்றைக் கெடுத்துவந்தது. அமெரிக்காவில் 1990களில் உமிழ்வுக் கட்டுப்பாடுகள் வந்தபின், கலவைக்கு முன்னதாகத் தூய காற்றைச் செலுத்தி, அக்காற்றே புகையோடு வெளியேறும்படி செய்யும் முறை பரவி, இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. எண்ணெய் கலவாத வெறும் பெட்ரோலில் ஓட்டினால், இத்தகைய கைக்கருவி எஞ்சினில் பிஸ்டன் விரைவில் சிலிண்டரில் இறுகிவிடும்.